பழுதில்லாத ஸ்பீக்கர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு ஸ்பீக்கர் வாங்கிய கதை சொல்கிறேன். வாங்காத கதை என்றும் சொல்லலாம்.

சவப்பெட்டியை மூட ஆணியோடு நின்றார்கள். தபீதாள், உள்ளே கிடந்த புருஷன் அசரியாவின் கோட்டைச் சரி செய்தாள். பையில் ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தால், டார்ச் லைட்டுக்குப் போடும் செல்.

"செத்தவரு கோட்டுல இன்னாடி இது?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"ஸ்பீக்கர் பாக்கப் போறப்ப வெச்சுக்குவாரு. இத வெச்சு ஒயரத் தொட்டா, உசுரு இருந்தா டக்குனு சத்தம் வரும்பாரு."

செல்லைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பெட்டியை மூடினார்கள்.

அசரியா ரயில்வேயில் குமாஸ்தா. எழுபதாம் வருஷத்துக் கிறிஸ்துமஸில், தாம்பரம் கோயிலில் அவர்கள் ஒரே மகள் மெட்டில்டா பாடியதைத் தன் டேப் ரெக்கார்டரில் பிடித்தார். அடுத்த கோடையில் டைபாய்டு வந்து பிள்ளை போய்விட்டது. அந்த மழைக்காலத்தில் எலி புகுந்து ரெக்கார்டரின் ஸ்பீக்கர் காகிதத்தைக் கடித்துக் குதறியது. டேப் மட்டும் பத்திரமாக இருந்தது.

"ஏதாவது ஒண்ண மாட்டுங்களேன். ஒரு தடவ கேட்டுட்டா போதும்" என்பாள் தபீதாள்.

"பழைய சாமான் தபீதா. பாத்துதான் வாங்கணும். பொட்டி பளபளன்னு இருக்கும், உள்ள காகிதத்துல ஒட்டுப் போட்டிருப்பான். பிள்ள குரலு கரகரன்னு கேட்டா உனக்குத் தாங்குமா?"

மாதச் சம்பளம் வந்த சனிக்கிழமை, டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் பழைய ரேடியோ சாமான் விற்கும் கஃபார் பாய் கடைக்குப் போவார். வெறுங்கையோடு திரும்புவார்.

"இன்னிக்கு இன்னா குறை?"

"உள்ள கம்பிச் சுருள், அந்தக் காயில் உரசுது."

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ பாக்கலியே நீங்க."

"அதான் மாட்டிக்கினேன்" என்பார். அவளும் சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டு, டேப்பை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைப்பாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது கஃபார் பாய் வாசலில் நின்றார். கையில் துண்டு சுற்றிய பெட்டி.

"அக்கா, சாருக்குன்னு எடுத்து வெச்சது. இனி வேற யாருக்கும் குடுக்க மனசு வரல."

துண்டைப் பிரித்தாள். கறுப்புக் காகிதம், கீறல் இல்லை.

"இதத்தான் காயில் உரசுதுன்னாரா?"

கஃபார் பாய் அவளைப் பார்த்தார். "உரசலியே அக்கா. ரெண்டு வருசமா இதேதான் பாக்குறாரு. செல்ல வெப்பாரு, காகிதத்த அமுக்கிப் பாப்பாரு, காதுகிட்ட வெச்சுக் கேப்பாரு. 'பழுதே இல்ல பாய்'னு அவரே சொல்வாரு."

"அப்புறம்?"

"பழகின குரலப் போட்டுப் பாத்தாதான் தெரியும்னு பையிலேர்ந்து டேப்ப எடுப்பாரு. மாட்டட்டான்னு கேட்டா, கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருப்பாரு. திரும்பப் பையில போட்டுக்கினு, 'இருக்கட்டும் பாய், அடுத்த மாசம் பாக்கலாம்'னு போயிடுவாரு."

தெருவில் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. செல்லம்மா கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு ஒயருதான். இப்பவே மாட்டித் தரவா அக்கா?"

தபீதாள் அலமாரியைப் பார்த்தாள். டேப் அங்கேதான் இருந்தது. ரெக்கார்டரும் இருந்தது.

"இருக்கட்டும் பாய்" என்றாள்.

அவர் போன பிறகு கதவைச் சாத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் செல்லில் வைத்தாள். டக் என்றது. காகிதம் மெல்ல முன்னால் வந்து நின்றது. ஒயரை எடுத்தாள். அடங்கியது. மறுபடி வைத்தாள்.

உங்கள் வீடுகளில் பிள்ளைகளின் சத்தம் ஓயாமல் இருக்கட்டும், கண்ணுகளா. இரைச்சல் என்று யாரும் அதட்டாமலும் இருக்கட்டும்.