மூன்று ஸ்ட்ராட் கிடார்கள்

தீவனம் வெட்டும் மிஷினில் இடது கை சிக்கியபோது சுகன்யாவுக்கு இருபத்தாறு வயது. நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போய்விட்டன. கட்டுப் பிரித்த அன்று டாக்டர், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பியதே பெரிய விஷயம், பை தூக்கலாம், பொத்தான் மாட்டலாம், வண்டி ஓட்டலாம் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கிடாரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பதில் அவளுக்கே தெரியும். கம்பிகளை அழுத்துவது இடது கை. அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்த நுனிகள்தான் இப்போது இல்லை.

நெய்க்காரப்பட்டியில் தென்னையும் காய்கறியும் போடும் குடும்பம். காந்திகிராமத்தில் படித்தபோது விடுதித் தோழி ஒருத்தியிடம் பழகியது கிடார். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. பால் சொசைட்டி வேலை முடிந்து வந்ததும் ஒலிபெருக்கும் ஆம்ப்பைப் போட்டுவிடுவாள். அவள் வாசித்தது எலக்ட்ரிக் கிடார். ஸ்ட்ராட் என்று எல்லோரும் செல்லமாகச் சொல்லும் வகை. விரல் போன மறுமாதமே அதைப் பழனியில் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் காமராஜுக்கு அதுதான் பொறுக்கவில்லை. விரல் போனதற்குக்கூட அழாதவள், கிடார் இருந்த மூலையைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தாள். அவளிடம் சொல்லாமலே திண்டுக்கல் சேவியருக்கு போன் போட்டான். நாகல் நகரில் ஒரு மாடியில் வாத்தியக்கடை வைத்திருப்பவர். சுகன்யா கம்பி வாங்குவது அவரிடம்தான்.

"ஸ்ட்ராட்டுன்னா ஒண்ணு ரெண்டு இல்ல அப்பு, ஏகப்பட்ட மாடல் இருக்கு. விரல் ஓடுற கழுத்துக் கட்டை குண்டா இருக்கும், ஒல்லியா இருக்கும். மிச்ச ரெண்டு விரலுக்கு எது தோதுப்படுதுன்னு பாப்போம். கூட்டிட்டு வாங்க" என்றார் சேவியர்.

ஞாயிற்றுக்கிழமை உரம் வாங்கப் போவதாகச் சொல்லி அழைத்து வந்த அண்ணன், வண்டியை வாத்தியக்கடை மாடிப்படிக்கு முன்னால் நிறுத்தியதும் சுகன்யாவுக்குக் கோபம் வந்தது.

"வேண்டாங்ண்ணா. போயிரலாம்."

"பாத்துட்டுப் போலாம் அம்முணி. பிடிக்கலீன்னா அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

மேலே சேவியர் மேஜையில் துணி விரித்து இரண்டு கிடார்களைப் படுக்கவைத்திருந்தார். ஒன்று வெண்ணெய் நிறம், மற்றொன்று கருஞ்சிவப்பு. காமராஜ் குனிந்து பார்த்தான்.

"ஏனுங்க, ரெண்டும் ஒண்ணுதானுங்களே? கலருதான் வேற."

"பாக்க அப்படித்தான் இருக்கும். கையில எடுத்தாத் தெரியும்" என்றார் சேவியர். "வாம்மா, செத்த நேரம் உக்காந்து வாசிச்சுப் பாரு."

வெண்ணெய் நிறக் கிடார் ஐம்பதுகளின் அச்சில் செய்த மாடல். கழுத்து முழுக்க வெளுத்த மேப்பிள் மரம், உள்ளங்கை நிறைய உருண்டு நின்றது. ஒரு கம்பியைத் தட்டியதும் எவர்சில்வர் தட்டில் சுண்டியதுபோல் ஓசை எழுந்தது. பழைய கைக்கு இது அமிர்தமாக இருந்திருக்கும். இப்போது ஆள்காட்டி விரலை ஊன்றினால் சுண்டுவிரல் தடித்த கம்பி வரை எட்டவில்லை. அதைக் கீழே வைத்தாள்.

கருஞ்சிவப்பு, அறுபதுகளின் மாடல். அதன் கழுத்து மெலிவு. விரல் பதியும் பலகை கருத்த ரோஸ்வுட், ஓசையிலும் ஒரு கனிவு. இதில் சுண்டுவிரல் எட்டியது. இரண்டு விரலால் பழைய மெட்டு ஒன்றைத் தொடங்கினாள். பாதி வரை வந்தது. காமராஜ் முகம் மலர்ந்தான். அதற்குள் சுண்டுவிரல் வழுக்க, மோதிர விரலின் அடிக்கட்டை கம்பியில் இடித்தது. கரண்ட் அடித்ததுபோல் வலி முழங்கை வரை ஏறியது.

வலி அடங்கியதும் கிடாரைப் பத்திரமாக மேஜையில் வைத்தாள்.

"ரெண்டுமே நல்ல கிடாருங்க சார். கைதான் பத்தல."

சேவியர், இன்னும் மெல்லிய கம்பி இருக்கிறதா பார்க்கிறேன் என்று உள்ளே போனார். சும்மா நிற்க முடியாத காமராஜ், சுவரோரம் ஸ்டாண்டில் இருந்த கறுப்புக் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதையும் பாத்துரு."

"அது யாரோ ரிப்பேருக்குக் குடுத்ததுங்ண்ணா."

"தொட்டுப் பாத்தா என்ன தேஞ்சா போயிரும்?"

அவன் மனதுக்காகத்தான் வாங்கி மாட்டினாள். எல்லாமே மாறியிருந்தது. கீழே இருக்க வேண்டிய, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் மேலே இருந்தன. மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே.

"என்னங்ண்ணா இது, தலைகீழா இருக்குது" என்றவள், நேராக்கப் பார்த்து அதை மறுபக்கம் திருப்பினாள். கழுத்து வலது கைப்பக்கம் வந்தது. வலது கை தானாக அதைப் பற்றியது. நான்கு விரல்களும் கம்பிமேல் வரிசையாக உட்கார்ந்தன.

கம்பிப் பொட்டலத்தோடு திரும்பிய சேவியர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அட கர்த்தரே! இது எனக்குத் தோணவே இல்லையேம்மா. அது மதியழகனோடது. அவரு இடது கைக்காரரு. இது லெஃப்ட் ஹேண்ட் மாடல், வலது கையில அழுத்தி இடது கையில மீட்டுறது."

அதுவும் ஸ்ட்ராட்தான், இந்தக் காலத்து அச்சு. கழுத்து முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட கனம். பலகை தட்டையாக இருந்ததால் லேசாக அழுத்தினாலே போதும். சேவியர் ஆம்ப்பில் இணைத்து, கம்பி மீட்டும் சில்லான பிக்கை அவள் இடது கையில் கொடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது நின்றது. இரண்டே விரலால் பிடிக்கும் சுரக்கூட்டான ஈ மைனர் கார்டை வலது கையில் தேடினாள். கண்ணாடியில் பார்த்துப் பொட்டு வைப்பதுபோல் திசை குழம்பியது. முதல் இழுப்பில் பாதிக் கம்பிகள் செத்துக் கிடந்தன. விரலை நகர்த்தி மறுபடி இழுத்தாள். ஆறு கம்பியும் ஒலித்தன.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகிற ஆட்டோக்களை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் முதல்லருந்துங்களா சார்?" என்று கேட்டாள் சுகன்யா.

"கை ஒண்ணாங்கிளாஸ்தான். காது ஒண்ணாங்கிளாஸ் இல்லையேம்மா. அது பாஸாகி எம்புட்டு நாளாச்சு!"

சேவியர் கூப்பிட்டதும் மதியழகன் வந்தார். கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் மனிதர். மற்றவர்களைப்போல் அவள் கையைப் பார்க்காத மாதிரி நடிக்கவில்லை. நேராகப் பார்த்து, "பிக்கு நழுவுதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நழுவுதுங்க."

"ரப்பர் ஒட்டுன பிக்கு இருக்கு, தாரேன். கிடாரையும் எடுத்துட்டுப் போ. எங்கிட்ட வீட்டுல பழசு ஒண்ணு கிடக்கு."

"எப்பங்க திருப்பித் தரோணும்?"

"நீ ஒண்ணு வாங்குறப்ப தா. நானும் சின்ன வயசுல வலது கைக் கிடாரைக் கவுத்துப் போட்டு வாசிச்சு அலைஞ்சவன்தான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்மா."

அதன் பிறகு எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. மண்வெட்டி பிடித்து உரமேறிய வலது உள்ளங்கைக்கும் விரல் நுனிகள் மட்டும் பிஞ்சாகவே இருந்தன. வீங்கின, தோல் உரிந்தன. இடது மணிக்கட்டுக்குத் தாளம் பிடிபடவில்லை. சில நாள் கிடாரைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் காமராஜ், "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை" என்பான். படுமோசமாக வாசித்த நாளிலும் அதையேதான் சொன்னான். அது பொய் என்று தெரிந்தும் அவள் திரும்பப் போய்க் கிடாரை எடுத்தாள்.

அடுத்த தை மாதம் சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. கூட வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று மதியழகன் அவளை அழைத்தார். இரண்டு பாட்டுக்கு மட்டும், பின்னணியில் கார்டு பிடித்தால் போதும் என்றார். மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். "எப்பவும் என் கிடாரு அடுத்த ஆளைக் குத்தும். இன்னிக்குத்தான் ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது" என்று அவள் காதில் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் பாட்டில் ஓரிடம் தவறியது. மூன்றாம் பாட்டு தொடங்கியபோது அவர் அவளை இறங்கச் சொல்லவில்லை, அவளும் இறங்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில், கச்சேரிக்கு ஸ்பீக்கர் கட்ட வந்திருந்த சேவியர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க" என்றாள் சுகன்யா.

"எனக்கு எதுக்கு? நான் கம்பி தேடிக்கிட்டு இருந்தேன். கறுப்புக் கிடாரைத் தூக்கிட்டு வந்தது உங்க அண்ணன், அவருக்குச் சொல்லு."

அவர்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கமே இல்லை. சுகன்யா பக்கத்து இலையில் சாம்பார் பிசைந்துகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிங்ண்ணா."

காமராஜ் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்திருந்தது.

"சரி சரி, சோத்தை உண்ணு. ஆறிப் போகுது."