பெரியப்பா ஒன்று, மச்சான் ஒன்று

வெள்ளையப்பன் மெஸ்ஸில் பில் உறவுமுறையில் வரும். சாதாரணச் சாப்பாடு என்றால் ஒன்றுவிட்ட தம்பியோடு முடிந்துவிடும். ஆம்லெட், சுக்கா என்று கை நீண்டால் கூடவே ரெண்டுவிட்ட அக்கா ஒருத்தியும் போவாள். இதெல்லாம் சில்லறை. கல்யாண வீட்டில் பார்த்து, ‘எப்பப்பா வந்தே’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நகர்கிற உறவுகள் எல்லார் வீட்டிலும் கொட்டித்தானே கிடக்கின்றன. கல்லாவில் பெயரைச் சொன்னால் போதும். அந்த நிமிஷத்திலிருந்து அவர் நமக்கு உறவில்லை, முதலாளி வெள்ளையப்பனுக்கு உறவு. அப்புறம் தெருவில் எதிரே வந்தாலும் யாரோ போகிறார் என்று நாம் நம் பாட்டுக்குப் போய்விடலாம். மதுரையில் அந்தப் பக்கத்துக்காரர்கள் பாதிப்பேர் இப்படிச் சாப்பிட்டுத்தான் உடம்பு வளர்த்தார்கள்.

மாயழகும் அவன் சேக்காளிகள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தது மறுநாள் காரியத்தைப் பேசி முடிக்கத்தான். மறுநாள் மாயழகின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மாயழகு ஒரே தாய்மாமன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. இருந்த சித்தப்பாக்களையும் அத்தைகளையும் காலேஜில் படிக்கிற காலத்தில் இதே மெஸ்ஸில் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டான். வாலிப வயதுப் பசி, யாரைக் குற்றம் சொல்வது. மிச்சம் இருப்பது அக்கா செல்லத்தாய், அவள் புருஷன், குழந்தை தேன்மொழி, அவ்வளவுதான்.

அக்கா முதல் நாளே போனில் சொல்லிவிட்டாள்.

“ஒத்த ஆளா வந்து நிக்காதடா தம்பி. ‘ஒங்க வீட்ல ஆளே இல்லையா’ன்னு எங்க மாமியா கேட்டுக் கேட்டு என் காதுதான் ஓட்டையாப் போச்சு. நாலு பேரோட வா.”

நாலு பேருக்கு மாயழகு எங்கே போவான். சேக்காளிகளைத்தான் கேட்டான். தவசி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ஜெயசீலன் உரக்கடையில் இருப்பவன், சிக்கந்தர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மூன்று பேரும் வேட்டி சட்டையோடு வந்து ஆளுக்கொரு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு, மாமன் வீட்டுக்காரர்களாகப் பந்தலுக்குள் நுழைவதாக ஒப்புக்கொண்டார்கள். மாயழகுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில் கறிதோசை வந்தது, சுக்கா வந்தது, அயிரைமீன் குழம்பு இரண்டு தடவை வந்தது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். முதல் பாதியை நால்வரும் குறைவில்லாமல் செய்தார்கள். இரண்டாம் பாதி, சோம்புத் தட்டில் பில் வந்ததும் தொடங்கியது.

‘பெரியப்பா ஒன்று, மச்சான் ஒன்று’ என்று போட்டிருந்தது.

சிக்கந்தர்தான் முதலில் கணக்குப் போட்டான். “நாலாப் பிரிச்சா ஆளுக்கு அரை வருது.”

“அரைப் பெரியப்பாவக் குடுத்துட்டு மீதி அரைக்கு யாருடா கஞ்சி ஊத்துறது?” என்றான் தவசி.

அதுவும் நியாயம்தான். ஜெயசீலனின் அப்பா அவர் வீட்டில் கடைக்குட்டி, அதனால் ஜெயசீலனுக்குப் பெரியப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரைத் தருவதாகச் சொன்னான். ஆனால் தான் தின்றது தயிர்ச்சோறும் ஒரு ஆம்லெட்டும்தான், அதற்கு முழுசாய் ஒரு பெரியப்பா அதிகம், மீதி வேண்டும் என்றான். கல்லாவில் கேட்டுக்கொள்ளலாம் என்று சிக்கந்தர் சமாதானம் செய்தான்.

மச்சான்தான் இடித்தது. ஜெயசீலனுக்குக் கூடப் பிறந்ததெல்லாம் ஆண்கள், கல்யாணமும் ஆகவில்லை, மச்சானுக்கு வழியே கிடையாது. சிக்கந்தருக்கு மச்சான் உண்டு. ஆனால் அவன் அக்கா நிறைமாசமாக இருந்தாள். இந்த நேரத்தில் அவள் புருஷனைக் கொடுத்துவிட்டால் இவன் எந்த முறையில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது. தவசி மட்டும் தன் பெண்டாட்டியின் தம்பியைச் சந்தோஷமாகத் தருகிறேன் என்று எழுந்தான். நால்வரும் கல்லாவுக்குப் போனார்கள்.

கல்லாவில் ஒரு அம்மாள் இருந்தார். அவரை யாரும் அக்கா என்றோ அத்தை என்றோ கூப்பிடுவதில்லை. அந்த மெஸ்ஸில் கூப்பிட்டது கூப்பிட்டதுதான், வரவில் சேர்ந்துவிடும். அதனால் எல்லோரும் மேடம் என்றார்கள்.

“பேச்சுவார்த்தை இருக்கா?” என்று மேடம் தவசியைக் கேட்டார்.

“இல்ல மேடம். கொல்லச் சொவத்துச் சண்டையில ஆரம்பிச்சுச்சு. ரெண்டு வருசமாப் பேசுறதில்ல.”

“பேச்சுவார்த்தை இல்லாத மச்சான் செல்லாது. கிழிஞ்ச நோட்ட யாரு வாங்குவா? வேற குடுங்க.”

மூன்று பேரும் மாயழகைப் பார்த்தார்கள். அயிரைமீன் குழம்பை இரண்டாவது தடவை வாங்கியது யார் என்பது நால்வருக்கும் தெரியும். மாயழகிடம் மச்சான் இருக்கிறார், அக்கா புருஷன், நல்ல பேச்சுவார்த்தையில் இருக்கிற, செல்லுபடியாகிற மச்சான். அவரைக் கொடுத்துவிட்டால் மச்சான் மகள் மருமகளாக இருக்க மாட்டாள். நாளைக் காலையில் தாய்மாமன் மடி இல்லாமல் அந்தக் குழந்தையை எங்கே உட்கார வைப்பார்கள், அக்கா எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாமியார் முன்னால் நிற்பாள். நியாயமாகப் பார்த்தால் தான்தான் கொடுக்க வேண்டும் என்றும் மாயழகுக்குத் தெரிந்தது, கொடுக்கக் கூடாது என்றும் தெரிந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்றுதான் புரியவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். மாயழகு வாயைத் திறந்தான்.

“ஏன் மேடம், மச்சான்னு வெளிய தேடணுமா? நாங்க நாலு பேருமே ஒருத்தனுக்கொருத்தன் மச்சான்னுதானே கூப்பிட்டுக்கிறோம்? அதுல ஒண்ண எடுத்துக்க முடியாதா?”

அவன் நினைத்தது இவ்வளவுதான். நாலு பேரும் நாலு பேருக்கு மச்சான் என்றால் ஆளுக்கு மூன்று, மொத்தம் ஏகப்பட்டது சேரும். அதில் ஒன்றை உருவிக்கொடுத்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. வைக்கோல் போரிலிருந்து ஒரு பிடி எடுத்தால் போரா குறைந்துவிடும்.

மேடத்துக்கு அது சரியாகத்தான் பட்டது. “கூப்பிட்டுக் காட்டுங்க” என்றார்.

தவசி ஜெயசீலனைப் பார்த்து, “பங்கு” என்றான். ஜெயசீலன் சிக்கந்தரைப் பார்த்து, “என்ன பங்கு” என்றான். சிக்கந்தரும் தவசியை, “சொல்லு பங்கு” என்றான். எத்தனையோ வருஷமாக அவர்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், பங்காளி என்பது தேய்ந்து பங்கு ஆகிவிட்டது. மாயழகு மூவரையும் வரிசையாகக் கூப்பிட்டான். மாப்ள, மாப்ள, மாப்ள. அவன் வாயில் அது மட்டும்தான் வந்தது. பிறகு மூவரும் மாயழகைப் பார்த்து ஒரே குரலில், “மச்சான்” என்றார்கள்.

மேடம் தலையை ஆட்டினார். “பங்காளி மூணு, மச்சான் ஒண்ணு. முறை ஒரு இடத்துலகூடப் பெசகல. நல்லாக் கூப்பிட்டுப் பழகியிருக்கீங்க. எல்லார் டேபிள்லயும் இப்படி இருக்காது.”

மாயழகுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“மச்சான் ஒருத்தர், பங்கு மூணு பேர். ஆளுக்கு மூணுல ஒரு பங்கு மச்சான் குடுத்ததா ஆச்சு” என்றார் மேடம்.

“அப்ப நான் சாப்பிட்டதுக்கு?” என்றான் மாயழகு. நியாயம் தவறக் கூடாது என்பது அவன் பழக்கம்.

“நீங்கதான் வந்துட்டீங்களே.”

இதைவிடச் சரியாக யாரும் பில்லைப் பிரித்ததில்லை. ஒருவன் கூட, ஒருவன் குறைய என்ற பேச்சே இல்லை. மாயழகு அந்தக் கணக்கை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்தான். எங்கேயோ இடித்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அதற்குள் ஜெயசீலன் தன் பெரியப்பா பெயரைச் சொன்னான். அவருக்கு மீதியாக ஒன்றுவிட்ட மாமனார் ஒருவரைத் தந்தார்கள். கல்யாணமாகாத ஜெயசீலன் அவரை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

“மச்சான், நாளைக்கு எத்தன மணிக்கு நாங்க...” என்று ஆரம்பித்த சிக்கந்தர் பாதியில் நின்றான். மாயழகின் முகத்தை, கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “சார், கொஞ்சம் வழி விடுறீங்களா?” என்றான்.

மாயழகு வழி விட்டான். மூன்று பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, குழம்பு நன்றாக இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை, யாரோ ஒருவரைத் திரும்பிப் பார்த்து என்ன செய்வது. மாயழகு அழலாம் என்று பார்த்தான், மெஸ்ஸில் கூட்டமாக இருந்தது.

“நாளைக்குக் காதுகுத்து மேடம்” என்றான்.

“தாராளமாப் போயிட்டு வாங்க. நாங்க எடுத்துக்கிட்டது மச்சான மட்டுந்தான். தாய்மாமன் ஒங்ககிட்டயேதான் இருக்காரு.”

உள்ளேயிருந்து வெள்ளையப்பன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “வாங்க மச்சான்” என்று மாயழகின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

பின்கட்டில் பெரிய கூடம். அங்கே வெள்ளையப்பன் இத்தனை வருஷம் வசூலித்த உறவெல்லாம் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளையப்பனுக்குப் பெரியப்பா என்றால் அவர் மச்சானுக்கு மாமா. அவருக்கு அத்தை என்றால் இவனுக்குச் சின்னம்மா. அப்படி மாமாக்கள் ஒரு பக்கம், சின்னம்மாக்கள் ஒரு பக்கம் எழுந்து வந்து மாயழகின் கன்னத்தைத் தடவினார்கள். அவர்களில் ஒருவர் அவன் அப்பாவின் மூக்கை அப்படியே வைத்திருந்தார். காலேஜ் முதல் வருஷத்தில் ஒரு தலைக்கறிக்காக அவன் கொடுத்த சித்தப்பா. “என்ன மருமகனே, எளைச்சுட்டியே” என்றார். மாயழகு அவரை மாமா என்றான். நாக்கு ஒரு தரம் தடுக்கியது, அப்புறம் வந்துவிட்டது. ஜெயசீலனின் பெரியப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்.

காலையில் அவர்கள் அத்தனை பேரும் கிளம்பினார்கள். வேன் இரண்டு போதவில்லை. மிச்சம் பேருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார்கள், அதில் ஒன்று தவசியுடையது. மாயழகு பழக்கத்தில் டிரைவர் சீட்டில் ஓரமாக, தான் எப்போதும் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தான். தவசி கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.

“அண்ணே, கால உள்ள எடுத்துக்கங்க” என்றான்.

வழி முழுக்க மாயழகு காலை உள்ளேயே வைத்திருந்தான். தவசி வழக்கமாக முணுமுணுக்கும் பாட்டை முணுமுணுத்தான். அதன் இரண்டாவது வரியை எப்போதும் மாயழகுதான் எடுப்பான். இன்றைக்கு எடுத்தால் அந்த ஆள் என்ன நினைப்பார் என்று வாயை மூடிக்கொண்டான்.

பந்தலில் சீர் வந்து இறங்கியதை அக்காவின் ஊர் இன்னும் பேசுகிறது. தட்டுக்கு மேல் தட்டாக மாமாக்களும் சின்னம்மாக்களும் வரிசை கட்டி வந்தார்கள். வரிசையின் தலை பந்தலுக்குள் நுழைந்தபோது வால் மெயின் ரோட்டில் நின்றது. செல்லத்தாயின் மாமியார் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு மோர் வாங்கிக் குடித்தாள். செல்லத்தாய் தம்பியின் கையைப் பிடித்து, “எனக்கு இது போதும்டா” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாயழகுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வரிசையில் மூன்று பேரைக் கண் தேடிக்கொண்டே இருந்தது, அதுவும் உண்மைதான்.

தேன்மொழியை அவன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி சந்தனத்தால் பொட்டு வைத்து, ஊசியை எடுத்து, வலது காதைக் குத்தினார். குழந்தை அழவில்லை. விரலைச் சூப்பிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தது.

“அழுகை இன்னும் வந்து சேரல” என்றார் ஆசாரி. “மதுர பஸ்ஸுல வருது. இன்னைக்கு லேட்டு போலருக்கு.”

அழுகை வராமல் அடுத்த காதைக் குத்தும் வழக்கமில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். மேளக்காரர்கள் டீ குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அழுகை இறங்கி, சேலைகளுக்கும் சீர்த்தட்டுகளுக்கும் நடுவே வழி கேட்டுக்கொண்டு பந்தலுக்குள் வந்தது. மணையில் ஒரு மடி, மடியில் ஒரு குழந்தை. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாயழகிடம் ஏறிக்கொண்டது.

மாயழகு அழுதான். சின்னக் குழந்தைக்கென்று அனுப்பிய அழுகை, அதனால் கூச்சமில்லாமல், வாயைத் திறந்து, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு அழுதான். செல்லத்தாய் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்தாள். சின்னம்மாக்கள், ‘ஆச்சு ஆச்சு, அவ்வளவுதான்’ என்று முதுகைத் தட்டினார்கள். பந்தலுக்கு வெளியே ஆட்டோவில் சாய்ந்திருந்த தவசி, யார் வீட்டுப் பிள்ளையோ என்று எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்து ஆட்டிக் காட்டினான்.

மாயழகு அழுகையை நிறுத்தி அதைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து ஆசாரி அவன் இடது காதைப் பிடித்துக் குத்தினார்.