கட்லற் போட்ட மீன்

ஒரு மீனைக் கொல்லாமல் விட்ட குற்றத்துக்காகக் கிறிஸ்ரினாவுக்குத் தண்டம் எழுதினார்கள். சூரிச் லங்ஸ்ட்ராஸவில் கடை வைத்திருக்கும் சண்முகலிங்கம் அண்ணையிடம் அவள் இதைச் சொன்னபோது, முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த மனுசன் தராசை விட்டுவிட்டு, கொன்றதற்கா விட்டதற்கா என்று இரண்டு தரம் கேட்டார். விட்டதற்குத்தான். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

2009 தொடக்கம் இந்த நாட்டில் சட்டம் அப்படி. பிடித்துப் பிடித்து விடுவதற்கென்றே தூண்டில் போட்டால் அது மீனை வதைப்பதாம். குறித்த நீளத்துக்கு மேற்பட்ட மீன் அகப்பட்டால் உடனே தலையில் கட்டையால் அடித்துக் கொன்று, பிடிபுத்தகத்தில் எழுதிவிட வேண்டும். ஏரியின் நன்மை கருதி ஒன்றிரண்டை விடலாம் என்று ஒரு சின்னச் சந்தும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்துக்குள் யார் நுழைந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள், யார் நுழைந்தால் பிடரியில் பிடிப்பார்கள் என்பதுதான் சட்டப் புத்தகத்தில் இல்லை.

கிறிஸ்ரினா மன்னார் பேசாலைக்காரி, கடலில் மீன் பிடித்துச் சீவிக்கும் ஊர். ஷ்லீரனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பதினொரு வருடமாக வேலை. அவளும் கணவன் பீற்றரும் மகள் வனேசாவும் சுவிஸ் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்தபோது, கெமைண்டே என்ற ஊராட்சி அலுவலகத்துப் பெண் எந்த ஃபெரைனில், அதாவது எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். தமிழ்ப் பூசையில் பாடுகிறேன் என்று கிறிஸ்ரினா சொன்னாள். அந்தப் பெண் இனிமையாகச் சிரித்து, இந்த ஊர்ச் சங்கம் ஏதாவது, என்றாள். அதனால்தான் அவள் மீன்பிடிச் சங்கத்தில் சேர்ந்தாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்யும் சங்கம் அது ஒன்றுதான்.

சங்கத்துக்கு ஒரு சின்ன ஏரி குத்தகையில் இருந்தது. ஏரியின் ராசா ஹெக்ட் என்ற மீன். சீலாமீனுக்குப் பச்சைச் சட்டை போட்டு, வாயை வாத்துச் சொண்டு மாதிரி தட்டையாக்கி, உள்ளே ஊசி ஊசியாகப் பல் வைத்தால் அதுதான் ஹெக்ட். சங்கத்தின் தலைவர் வால்ரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், வெள்ளை மீசை, ஆளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். 2011 தை மாத ஆண்டு விருந்தில் அவர் எழுந்து, போன இலையுதிர்காலத்தில் தான் பிடித்த நூற்றுப்பன்னிரண்டு சென்ரிமீற்றர் ஹெக்ட்தான் இன்றைய கட்லற் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மீனோடு அவர் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டுச் சங்கக் குடிலின் சுவரில் மாட்டினார்கள். புது ஆளான கிறிஸ்ரினாவும் இரண்டு கட்லற் சாப்பிட்டு, மிளகு காணாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

அதே வருடம் மே மாதம் அவள் தன் கண்ணாலேயே ஒன்றைக் கண்டாள். வால்ரர் பெரிய ஹெக்ட் ஒன்றை இழுத்தெடுத்தார், நனைத்த பாயில் கிடத்திப் படமெடுத்தார், மூக்கில் ஒரு முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விட்டார். அவள் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு, பெரியதெல்லாம் தாய்மீன், இதுகள் இல்லாவிட்டால் ஏரி செத்துவிடும், இங்கே நாங்கள் இப்படித்தான், ஆனால் வெளியே கதைக்க வேண்டாம் என்றார். மீன்பிடி அனுமதிச் சோதனைக்கு அவள் படித்த சட்டம் வேறு. ஆனாலும் ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டு வழக்கப்படி நடப்பதுதானே மரியாதை. அவள் அவர் சொன்னதை அப்படியே நம்பினாள். வந்த நாளிலிருந்து இந்த நாட்டுச் சனத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே குப்பை போடுவதிலிருந்து வணக்கம் சொல்வது வரை பழகியிருந்தாள்.

ஆவணியில் அவளுடைய தூண்டிலிலும் ஒரு தாய் அகப்பட்டது. தன் வீட்டுக் குளியல்தொட்டியில் அதை நீட்டிப் படுக்கவைக்க முடியாது என்று அவள் நினைத்தாள். இடது செவுள் மூடியில், யாரோ பிஸ்கட்டைக் கடித்த மாதிரி, அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை. முள்ளைக் கழற்றி, வால்ரர் செய்தது போலவே இரண்டு கையாலும் ஏந்தி விட்டாள். கரையில் நாயோடு நடந்துபோன ஒருவர் தூரத்தில் நின்று படமெடுத்து, மீன்வளக் காவலருக்கு அனுப்பிவிட்டார்.

காவலர் நல்ல மனுசன், தன்மையாகத்தான் விசாரித்தார். அவளும் ஒளிக்காமல், எங்கள் சங்கத்தில் இப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னாள். அவர் சங்கத்துக்கு எழுதிக் கேட்டார். வால்ரர் பதில் எழுதினார். அதன் பிரதி ஒன்று தண்டக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தது. எங்கள் சங்கத்தில் அளவான ஒவ்வொரு மீனும் முறைப்படி கொல்லப்படுகிறது, இதை அந்த அம்மையாருக்குப் பல தடவை விளக்கியிருக்கிறோம் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. அவருடைய பண்பாட்டில் விலங்குகளின் வேதனை பற்றிய உணர்வு வேறாக இருக்கலாம்.

அந்த வரியைப் பதினாறு வயது வனேசாதான் மேசையில் வைத்து உரத்து வாசித்தாள். வாசித்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, உங்கடை பண்பாடு எண்டால் எனக்கும் அதுதானோ? நான் இஞ்சைதானே பிறந்தனான்."

கிறிஸ்ரினா கடிதத்தை வாங்கி மடித்தாள். தண்டம் அவள் செய்த காரியத்துக்கு. அதைப் பேசாமல் கட்டியும்விட்டாள். ஆனால் முத்தம் கொடுத்து மீனை விட்ட அதே கையால் இந்த வரியை எழுத ஒரு மனுசனுக்கு எப்படி மனம் வந்தது? அந்தக் கடிதம் கெமைண்டேயின் கோப்புக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. விண்ணப்பம் இரண்டு வருடத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று பதில் வந்தது. உணவகச் சமையலறையில் நாள் முழுதும் நின்றுவிட்டு வரும் பீற்றருக்குச் சண்டை பிடிக்கச் சக்தி இல்லை.

"விடு, கிறிஸ்ரினா. ரெண்டு வருஷம்தானே. வாயைத் திறந்தால் அதுவும் இல்லாமல் போகும்."

மார்கழியில் சங்கக் குடிலுக்குக் கூப்பிட்டு அவளைக் கண்டித்தார்கள். வால்ரர் ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசினார். அவள் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். படத்து மீனின் இடது செவுள் மூடியில் அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை. தை மாதம் கட்லற் போட்டுத் தின்ற மீனை அவள் ஆவணியில் கையில் ஏந்தியிருக்கிறாள்.

அப்போதே சொல்லியிருந்தால் யார் நம்புவார்கள்? நாய்க்காரர் எடுத்த படத்தில் மீன் ஒரு பச்சைக் கீறல் மட்டும்தான். அவள் சொல்லும் சொல்லுக்கு அந்தக் குடிலுக்குள் என்ன பெறுமதி என்று கடிதமே காட்டிவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்டாள். சங்கத்தை விட்டு விலகவும் இல்லை. 2012 முழுதும், ஹெக்ட் பிடிக்கக்கூடாத மாதங்கள் தவிர, வேலையில்லாத ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏரிக்குப் போனாள். பொறுமையான பெண் என்று சங்கத்தார் மெச்சினார்கள். அவள் மீன் பிடிக்கப் போகவில்லை, சாட்சி பிடிக்கப் போனாள். கடிதத்தின் பிரதி பிளாஸ்ரிக் உறையில், தூண்டில் பெட்டியின் அடித்தட்டில் கிடந்தது.

ஐப்பசியில் சங்கத்தின் ஹெக்ட் நாள் வந்தது. காலையில் படகில் போனவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு கரைக்கு வந்து பூசணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்ரினா மட்டும் இறங்குதுறையின் நுனியில் நின்று திரும்பத் திரும்பத் தூண்டிலை வீசிக்கொண்டிருந்தாள். பத்துமணி போல் தடி வளைந்தது. முதலில் அடியில் கிடக்கும் மரக்கட்டைதான் கொழுவிவிட்டது என்று நினைத்தாள். கட்டை நகர்ந்தது. கால்மணி நேரம் அவள் விட்டும் இழுத்தும் பிடித்து, பெரிய கைவலைக்குள் அதைக் கொண்டுவந்தபோது சூப் குடித்தவர்கள் எல்லாரும் துறைக்கு ஓடி வந்திருந்தார்கள்.

இடது செவுள் மூடியில் அந்த அரைவட்டம் இருந்தது.

முன்னுக்கு வந்து குனிந்த வால்ரரும் அதைக் கண்டார். மீசை மட்டும் அசைந்தது. அவளுடைய காதோடு, இது தாய்மீன், கெதியாக விட்டுவிடு, பொறுப்பை நான் எடுக்கிறேன் என்றார். ஒரு வருடமாக எடுக்காத பொறுப்பு அது. கிறிஸ்ரினா வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்க, அளவுநாடா கொண்டுவரச் சொன்னாள். சங்கப் பொருளாளர் முழங்காலில் நின்று அளந்து, நூற்றுப்பதினாறு என்று கத்தினார்.

அவள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒரு சொல்லும் பிசகாமல், நிதானமாகச் சொன்னாள்.

"நாங்கள் கட்லற் போட்டுச் சாப்பிட்ட மீன். நாலு சென்ரிமீற்றர் வளந்திருக்கு."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் செவுளைக் காட்டி, குடில் சுவரைக் காட்டினாள். யாரோ போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஹெக்ட்டின் விலாவில் உள்ள புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இராது என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே வால்ரர்தான். பொருளாளர் படத்தையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்தாறு பேர் குனிந்து பார்த்தார்கள். பிறகு எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

கிறிஸ்ரினா இடுப்பில் செருகியிருந்த கட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இஞ்சை ஒவ்வொரு மீனையும் முறைப்படி கொல்லுறம் எண்டு நீங்கள்தான் எழுதினீங்கள். எனக்கு அந்த உணர்வு காணாதாம். காட்டித் தாங்கோ."

வால்ரர் கட்டையை வாங்கினார். இந்த மனுசன் கௌரவத்துக்காக உண்மையிலேயே அடித்துவிட்டால்? ஒரு வருடக் கோபத்தில் இதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. மீன் வலைக்குள் வாயைத் திறந்து மூடியது. கட்டை பிடித்த கை உயரவே இல்லை. கடைசியில் அவர் அதைப் பலகையில் வைத்துவிட்டு, நான் இதை விட்டேன், கட்லற் போட்டது கடையில் வாங்கிய உறைமீனில் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

சொன்னது அவளுக்குப் போதாது. சொல் துறையோடு போய்விடும், எழுத்துத்தான் கோப்புக்குள் இருக்கும். பெட்டியைத் திறந்து பிளாஸ்ரிக் உறையையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கடைசி வரியை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்து, நடந்ததைப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னாள். இன்றைக்கு மீன் யாருடைய பொறுப்பில் தண்ணீருக்குப் போகிறது என்றும் எழுதச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும் வரை மீன் வலைக்குள் இருக்கும் என்றாள்.

அவர் படத்தின் சட்டத்தை மடியில் வைத்து, அதன் மேல் கடிதத்தை வைத்து எழுதினார். முதலில் அந்த வரியை வெட்டினார். பிறகு தாளைத் திருப்பி, எங்கள் சங்கத்தில் சில வேளைகளில் நாங்கள் பெரிய மீன்களை, என்று தொடங்கினார். வலையை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து வாசித்துக்கொண்டிருந்த கிறிஸ்ரினா பேனாவை மறித்தாள்.

"'நாங்கள்' இல்லை, ஹெர் வால்ரர். தண்டத்தை நான் தனியத்தான் கட்டினனான். 'நான்' எண்டு எழுதுங்கோ."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதை வெட்டிவிட்டு 'நான்' என்று எழுதி, மிச்சத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். அவள் அதை வாங்கி ஆறுதலாக இரண்டு தரம் வாசித்து, உறைக்குள் வைத்தாள். அதன் பிறகுதான் வலையின் விளிம்பைத் தாழ்த்தினாள்.