ஹேசல்கோட் காணியின் உறுதிகள்

1995ஆம் ஆண்டின் கோடை முடியும்வரை காலை நேரங்கள் குலசிங்கத்தினுடையவையாக இருந்தன. கனடாவின் ஸ்காபரோவில் ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு ஷிப்ற் தொடங்கும். திரும்பி வரும்போது மனைவி சந்திரவதனாவும் பன்னிரண்டு வயது மகள் நிலாணியும் உறங்கிவிட்டிருப்பார்கள். ஆகையால் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு வரும் ஐந்து மணி நேரம்தான் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரம். தேத்தண்ணி குடிப்பார்கள். சேர்ந்து சமைப்பார்கள். சில நாட்களில் லோறன்ஸ் வீதியால் நடந்துபோய் மரக்கறி வாங்கி வருவார்கள். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அந்த நேரத்தை நினைத்துக்கொண்டுதான் அவன் எட்டு மணி நேரம் அலுமினியம் வெட்டினான்.

செப்ரெம்பரில், அதே கட்டடத்தில் குடியிருந்த இராஜேஸ்வரிக்கு வேறு வேலை கிடைத்தது. அவள் தான் துப்புரவு செய்துவந்த வீட்டைச் சந்திரவதனாவிடம் ஒப்படைத்தாள். வெக்ஸ்போர்ட்டில் ஒரு சிறிய வீடு. பென்போல்ட் என்ற எழுபத்தெட்டு வயது ஆங்கிலேயர் அங்கே தனியாக இருந்தார். கிழமைக்கு மூன்று நாள், காலை பத்திலிருந்து இரண்டு மணிவரை வேலை.

மூன்றாவது கிழமையோடு சந்திரவதனா அந்த வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள்.

பென்போல்ட் இங்கிலாந்தில் ஹேசல்கோட் என்ற பண்ணையில் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தகப்பன் பண்ணையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு விருப்பம் பிடித்தது. அந்தக் காணி முந்நூற்றைம்பது வருடமாக யார் யாரிடம் இருந்து யார் யாருக்குக் கைமாறியது என்று முழுமையாக எழுதிவிட வேண்டும். இங்கிலாந்திலிருந்து எடுப்பித்த பழைய பதிவுகளின் போட்டோப் பிரதிகள் சாப்பாட்டு மேசையை நிறைத்துக் கிடந்தன. அவருடைய கண்ணில் புரை. பூதக்கண்ணாடி வைத்து ஒரு நாளைக்கு நாலு வரி வாசிப்பார்.

சந்திரவதனா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். பட்டப்படிப்புக்காக ஒரு வருடம் பழைய கையெழுத்துப் பதிவுகளோடு கிடந்தவள். கனடாவில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. மேசையைத் துடைக்கப்போன அன்று, 'ஹன்னா விடோ' என்று பென்போல்ட் வட்டமிட்டு வைத்திருந்த பெயரைப் பார்த்து நின்றாள்.

"விடோ என்ற குடும்பத்தை ஒரு வருடமாகத் தேடுகிறேன். அந்த ஊரில் அப்படி ஒரு குடும்பமே இருந்ததாகத் தெரியவில்லை" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"அது குடும்பப் பெயரில்லை, மிஸ்டர் பென்போல்ட். அந்தக் காலத்து எழுத்து. விதவை ஹன்னா என்று எழுதியிருக்கிறார்கள்" என்றாள் அவள்.

கிழவர் கதிரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாராம். சிரித்து முடித்துத் தும்புத்தடியை அவளுடைய கையிலிருந்து வாங்கி மூலையில் சாத்தினாராம். இதைச் சந்திரவதனா வீட்டில் வந்து சொன்னபோது அவளுடைய முகம் சிவந்திருந்தது. குலசிங்கமும் சிரித்தான். அன்று அவனுக்கு எதுவும் தோன்றவில்லை.

பிறகு ஹன்னா அவர்களுடைய சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். புருஷன் செத்த பிறகு நாற்பத்தொரு வருடம் அவள் தனியாகப் பண்ணையை ஆண்டது, பக்கத்துக் காணிக்காரன் வேலியை நகர்த்தியபோது வழக்கு வைத்து வென்றது, எழுதத் தெரியாமல் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக்குறி போட்டது. அவளுக்குப் பிறகு காணி றொபேட் டன் என்ற ஓர் அன்னியன் பெயரில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கையில் அவள் அதை ஏன் அன்னியனுக்குக் கொடுத்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சந்திரவதனா, "எங்கடை மேற்குப் பக்கத்து ஆறு ஏக்கரும் ஹன்னாவின்ரை சீதனமாத்தான் வந்திருக்க வேணும்" என்றாள்.

"எங்கடையோ?" என்றான் குலசிங்கம்.

"ஓம். ஹேசல்கோட்டிலை."

"அது எப்ப தொடக்கம் எங்கடையாப் போச்சு?"

நிலாணி சிரித்தாள். "அப்பா, ஆர் யூ ஜெலஸ்? அவ செத்து ரூ ஹண்ட்ரட் இயர்ஸ்."

"நீ சாப்பிடு" என்றான் அவன். 'எங்கடை' என்ற அந்தச் சொல் மட்டும் அவன் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

நொவெம்பரில் ஒரு நாள் மழை பெய்ததால் அவளை ஏற்றிவர நேரத்தோடேயே காரில் போனான். கதவைத் தட்டுமுன் ஜன்னலால் பார்த்தான். கிழவரும் அவளும் ஒரு பெரிய வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார்கள். கிழவர் ஏதோ சொன்னார். சந்திரவதனா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். குலசிங்கம் மழையில் நின்றான். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்திருக்கிறான். கடைசியாக எப்போது பார்த்தான் என்று யோசித்தான், நினைவுக்கு வரவில்லை.

எழுபத்தெட்டு வயதுக் கிழவர்தான். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. தப்பு இருந்தால் சண்டை பிடிக்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை பென்போல்ட் அவர்களைத் தேநீருக்கு அழைத்தார். சுவரில் நீளமான தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாகப் பண்ணையின் சொந்தக்காரர்களின் பெயர்களும் வருடங்களும் சந்திரவதனாவின் வடிவான கையெழுத்தில் இருந்தன. கிழவர் ஒவ்வொரு பெயராகக் காட்டி விளக்கினார்.

"இப்ப யார் சொந்தக்காரர்?" என்று குலசிங்கம் ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஒரு காப்புறுதிக் கம்பனி."

"அப்ப இதெல்லாம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

சந்திரவதனா கோப்பையை மேசையில் வைத்தாள். பென்போல்ட் சற்று யோசித்து, "பிரயோசனம் ஒன்றுமில்லை" என்று புன்னகையோடு சொன்னார். காரில் வரும்போது சந்திரவதனா தன் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து பென்போல்ட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பண்ணைக்குப் பக்கத்துப் பட்டினத்தில் ஒரு பழைய சட்டத்தரணிகள் அலுவலகத்தின் நிலவறையில் ஹேசல்கோட் காணியின் மூல உறுதிகள், அது கைமாறிய பத்திரங்கள், ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. காணி அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டதால் அவை இனிச் சட்டத்துக்குத் தேவையில்லை. அலுவலகம் இடம் மாறுகிறது. இணைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்திட்டு மார்ச் 31க்குள் கிடைக்கும்படி அனுப்பினால் பெட்டியைப் பென்போல்ட்டுக்குத் தருவார்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள்.

"ஹன்னா ஏன் குடுத்தவள் எண்டது அதுக்குள்ளை இருக்கும்" என்று சந்திரவதனா காலையில் சொன்னாள். "அது வந்தா இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலை இருக்கு."

பதினோராந் தேதி, திங்கட்கிழமை, பென்போல்ட் கையெழுத்திட்ட படிவத்தைச் சந்திரவதனா உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, விலாசம் எழுதினாள். வேலை முடிந்து குலசிங்கம் ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கியபோது அதை அவனிடம் நீட்டினாள்.

"வேலைக்குப் போற வழியிலை போட்டுவிடுங்கோ. மறந்திடாதேங்கோ."

"ஓம், ஓம்."

அன்று அவன் உண்மையாகவே மறந்துவிட்டான். அடுத்த நாள் தபால்பெட்டிக்கு முன்னால் காரை நிறுத்தினான். உறையைக் கையில் எடுத்தான். இன்னும் இரண்டு வருடம் என்று அவள் சொன்னது காதில் கேட்டது. இன்னும் இரண்டு வருடக் காலைகள். நாளைக்குப் போடலாம், அவசரமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டு உறையைக் காரின் முன்தட்டுக்குள் வைத்து மூடினான். அதற்கடுத்த நாள் தட்டைத் திறக்கவேயில்லை.

இருபத்தேழாந் தேதி வேலைக்குப் போகும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. லோறன்ஸ் வீதி பஸ் தரிப்பில் பென்போல்ட் நிற்பதைக் கண்டான். பெரிய தட்டையான காட்போட் பெட்டியொன்றை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். உறுதிகள் வந்தால் மடிக்காமல் வைப்பதற்குப் பெட்டி வாங்கப்போவதாக அவர் சொன்னதாகச் சந்திரவதனா முதல் நாள் சொல்லியிருந்தாள். பனி பெட்டியில் படாமலிருக்க அவர் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அதைப் போர்த்தியிருந்தார்.

குலசிங்கம் நிறுத்தவில்லை. மூன்று சிக்னல் தாண்டிப் போனவன், அடுத்த தபால்பெட்டியில் காரை நிறுத்தி இறங்கி உறையைப் போட்டான். மூடியைத் திரும்பத் திறந்து விழுந்துவிட்டதா என்று பார்த்தான். நாலு நாளில் போய்ச் சேராது என்று அவனுக்குத் தெரியும்.

ஏப்ரல் நடுவில் பதில் வந்தது. அன்று சந்திரவதனா காரில் ஏறி, "உறுதி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டினமாம்" என்று மட்டும் சொன்னாள்.

"ஏனாம்?"

"கடிதம் பிந்திப் போச்சாம்."

வேறு கேள்வி வரும் என்று அவன் காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. தபால்காரர்கள் மேல் அவளுக்குச் சந்தேகம் போலும் என்று எண்ணி மூச்சு விட்டான். ஆனால் அவன் நினைத்தபடி வேலை முடிந்துவிடவில்லை. உறுதிகள் இல்லாததால் வேறு பதிவுகளில் துண்டு துண்டாகத் தேட வேண்டியிருந்தது. தேவாலயப் பதிவு, வரிப் பதிவு, வழக்குப் பதிவு. மூன்று நாள் ஐந்து நாளாகியது. ஒரு காலைகூட மிஞ்சவில்லை.

மே மாதம் ஒரு நாள் அவன் ஏற்றப்போனபோது பென்போல்ட் கார்வரை வந்தார். சந்திரவதனா உள்ளே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்," என்றார் கிழவர். "அந்தக் கடிதத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். கைப்பையில் பதினாறு நாள் மறந்துபோய் வைத்திருந்ததாகத் தானே சொன்னாள். யாருக்கும் மறக்கும். நான் அன்றே மறந்துவிட்டேன்."

குலசிங்கம் தலையை ஆட்டினான். அவள் வந்து ஏறினாள். இரண்டு தெரு தாண்டி ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பில் அவன் காரை நிறுத்தினான்.

"நீர் ஏன் உம்மடை கைப்பைக்குள்ளை இருந்ததெண்டு சொன்னனீர்?"

சந்திரவதனா அவனைப் பார்க்கவில்லை. "அவை உறையையும் திருப்பி அனுப்பினவை. முத்திரையிலை இருபத்தேழாந் திகதிச் சீல். கடிதத்தையும் நான்தான் அவருக்கு வாசிச்சுக் காட்ட வேணும். வேறை என்னத்தைச் சொல்லுறது? என்ரை மனிசன் ஒளிச்சு வைச்சவரெண்டோ?"

"மறந்துபோனன்."

"பொய் சொல்லாதேங்கோ."

பக்கத்துக் காரில் ஒரு பெண் மளிகைச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

"நீர் அங்கை சிரிக்கிறீர்," என்றான் குலசிங்கம். "நான் ஜன்னலாலை பாத்தனான். வீட்டிலை அப்பிடிச் சிரிக்கிறேல்லை. அந்த வேலை முடிஞ்சுதெண்டா..."

"முடிஞ்சுதெண்டா வீட்டிலை இருந்து சிரிப்பன் எண்டு நினைச்சியளோ?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருசம். எனக்கு என்ன தெரியுமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை. அவர் கேட்டவர். அவ்வளவுதான்."

அவன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். தன்னைக் காப்பாற்ற அவள் பழியை ஏற்றுக்கொண்டாள் என்பது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்திலும், இவ்வளவையும் அவள் அந்தக் கிழவர் முன்னால் முகம் கொடுப்பதற்காகத்தானே செய்தாள் என்று மனம் கணக்குப் போட்டது. அப்படி நினைத்த தன்னை அவன் அருவருத்தான்.

அடுத்த நாள் காலை, அவளிடம் சொல்லாமல், அவள் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகப் பென்போல்ட் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே வரச் சொன்னதும் நின்றபடியே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். கடிதம் மனைவியின் கைப்பையில் இருக்கவில்லை. என் காரில் இருந்தது. நான் வேண்டுமென்றே போடவில்லை. அவள் உங்களிடம் வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

பென்போல்ட் கதிரையில் உட்கார்ந்தார். சால்வை போர்த்திக் கொண்டுவந்த அந்தப் பெட்டி வெறுமையாகப் புத்தக அலுமாரியின் மேல் கிடந்தது. அவர் கோபப்பட்டால் நல்லது என்று குலசிங்கம் விரும்பினான்.

"அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்," என்றார் கடைசியில். "எனக்கு உறுதிகள் போனதைவிட அதுதான் பெரிது. நீங்கள் வந்து சொன்னது சரி. ஆனால் இப்போது போய்விடுங்கள். அவள் பத்து மணிக்கு வழமைபோல வரலாம்."

அதன் பிறகு அவர் குலசிங்கத்துக்குக் கார்வரை வந்து கைகாட்டியதில்லை. சந்திரவதனாவுக்கு அன்றே விசயம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "போய்ச் சொன்னனீங்களாம்" என்றாள். அவன் "ஓம்" என்றான். அவள் ஒரு கிழமை அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். இரண்டாம் கிழமை, காலை ஷிப்ற்றுக்கு மாற முடியுமா என்று கேட்டாள். அவன் அன்றே போய்க் கேட்டான். ஓகஸ்ட்டில் கிடைத்தது. பின்னேரங்களில் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

பண்ணையின் வரலாறு 1997 இலையுதிர் காலத்தில் முடிந்தது. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். ஒரு போட்டோப் பிரதிக் கடையில் பன்னிரண்டு பிரதி எடுத்துக் கட்டினார்கள். ஹன்னாவிடமிருந்து றொபேட் டன்னுக்குக் காணி எப்படிப் போனது என்பது தெரியவில்லை, மூல உறுதிகள் 1996 ஏப்ரலில் அழிக்கப்பட்டன என்று அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. காரணம் எழுதப்படவில்லை. குலசிங்கம் அந்தப் பக்கத்தைப் பலமுறை வாசித்தான். முதல் பக்கத்தில் பென்போல்ட் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், சந்திரவதனா குலசிங்கம் என்று இருந்தது.

அடுத்த வசந்தத்தில் பென்போல்ட் அஜக்ஸில் இருந்த மருமகளின் வீட்டோடு போய்விட்டார். போகுமுன் சந்திரவதனாவுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அவள் ஒரு லோயரின் அலுவலகத்தில் வேலை எடுத்தாள். ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் பழைய பண்ணைகளை வாங்கி வீடு கட்டும் கம்பனிகளுக்காக, காணி யார் யாரிடம் இருந்து வந்தது என்று பதிவுக் கந்தோரில் தேடிக்கொடுக்கும் வேலை.

முதல் கிழமையே அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு நூறு ஏக்கர் பண்ணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். 1840இல் இரண்டு தம்பிமார் அண்ணனை ஏமாற்றி எடுத்த காணியாம்.

குலசிங்கம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய கண்கள் மின்னின.

"உந்த லோயருக்கு எத்தினை வயசிருக்கும்?" என்று கேட்டான்.

சந்திரவதனா அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அறுபது. அது ஒரு பொம்பிளை."

நிலாணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "சரி, அந்த அண்ணன்காரன் என்ன செய்தவன்? வழக்குப் போட்டவனோ?" என்று கேட்டான். சந்திரவதனா குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, சொல்லத் தொடங்கினாள்.