சத்தத்தில் கேட்கும் காது

அத்தை பிளக்கைப் பிடுங்கினாள். வயரை மிக்ஸியின் மேலேயே சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏன்டி, உனக்கு இன்னா புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? உங்கம்மா உசுரக் கையில புடிச்சிக்கினு கெடக்குறா. காதுகிட்ட வந்து வெறும் ஜாரப் போட்டு ஓட்டிக்கினு இருக்கிற."

"சத்தம் இருந்தாத்தான் அம்மாவுக்குக் கேக்கும் அத்த," என்றாள் ஹேமலதா.

"இன்னா?"

ஹேமலதா எதைச் சொன்னாலும் எல்லோரும் ஒருமுறை இன்னா என்பார்கள். குரல் அப்படி. அவள் இன்னொரு முறை சொல்லவில்லை. அத்தை மிக்ஸியோடு சமையலறைக்குப் போனாள்.

கட்டிலில் கண்ணம்மாள் முகத்தைத் திருப்பினாள். இமைகள் வீங்கிக் கண்களை முக்கால்வாசி மூடியிருந்தன. ஆறு நாட்களுக்கு முன் வேலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் விழிப்பதும் மயங்குவதுமாகக் கிடந்தாள். மிக்ஸி ஓடிய அரை நிமிடத்தில் விழித்திருந்தாள். "நான் ஹேமா பேசுறேம்மா" என்றது அவளுக்குக் கேட்டுவிட்டது. உடனே பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"காது டெஸ்ட்டுக்குப் போனியே, இன்னா சொன்னாங்க?"

அதற்குள் பிளக் பிடுங்கப்பட்டுவிட்டது.

ஹேமலதா குனிந்து அம்மாவின் காதருகே, "ஒண்ணும் இல்லியாம்மா," என்றாள். உள்ளேயிருந்து அத்தை "ஸ்ஸ்" என்றாள்.

"வாயத்தான் அசைக்கிற," என்றாள் கண்ணம்மாள், எப்போதும்போல மெல்லிய குரலில். "பேசவே மாட்டேன்ற."

ஹேமலதா அவள் உள்ளங்கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்பதுபோல இரண்டு முறை அழுத்தினாள்.

"கையப் புடிச்சிட்டா ஆச்சா. சொல்லுடி."

பிறகு மறுபடியும் மயக்கம்.

வீடு அமைதியாக இருந்தது. பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தியிருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிடுகிறது என்று அப்பா முனிரத்தினம் அதை அணைத்துவிட்டு, பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம்கூடத் தொந்தரவு என்று காலையில் அதன் பாட்டரியைக் கழற்றியிருந்தார். இருபத்தாறு வருடம் தோல் பதனிடும் ஷெட்டில் ஈரத்தோலைப் புரட்டிய கைகள். இப்போது அந்தக் கைகள் விசிறியைக்கூடச் சத்தம் வராமல் அசைக்கப் பழகியிருந்தன.

எல்லாம் அன்பினால் செய்தது. அதுதான் ஹேமலதாவுக்கு வாயை அடைத்தது.

நான்கு வருடங்களுக்கு முன், அவள் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது, அம்மாவைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டரம்மா மேஜைமேல் பிளாஸ்டிக் காது ஒன்று வைத்திருந்தார். அதைப் பிரித்துக் காட்டினார். செவிப்பறை, அதன் பின்னால் ஒரு சின்ன அறை, அந்த அறைக்குள் வரிசையாக மூன்று எலும்புகள். சுத்தி, பட்டடை, அங்கவடி. பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்த அதே மூன்று. அங்கவடி என்பது அரிசியைவிடச் சின்னது. சத்தம் வந்தால் அது ஆட வேண்டும். அம்மாவுக்கு அதன் அடியில் புது எலும்பு வளர்ந்து, ஆடாமல் இறுகிவிட்டது. இரண்டு காதிலும்.

டாக்டரம்மா ஒரு இசைக்கவையைத் தட்டி அம்மாவின் காது துவாரத்துக்கு நேராகப் பிடித்தார். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினார். அம்மா சிரித்துவிட்டாள்.

"கேக்குது. மணி அடிக்கிற மாதிரி."

"உள்காது நல்லா இருக்குது. போற வழியிலதான் அடைப்பு," என்றார் டாக்டரம்மா. "அதனாலதான் உங்க குரல் உங்களுக்குள்ள பெருசாக் கேக்குது. நீங்க மெதுவாப் பேசுறீங்க."

அம்மா அப்போது கேட்டாள், கம்பெனியில் மட்டும் தனக்கு நன்றாகக் கேட்கிறதே, அது எப்படி என்று. ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஹாலில் நூற்றுப்பத்து மிஷின்கள் ஓடும். அங்கே தனக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்கு வந்தால்தான் எல்லோரும் ஊமையாகிவிடுகிறார்கள் என்றாள்.

"சத்தமான எடத்துல பேசுறவங்க தன்னையும் அறியாம குரல ஒசத்திடுவாங்க. மிஷின் சத்தம் உங்களுக்குக் கம்மியாக் கேக்குது, அவங்க குரல் முழுசா வருது. உங்க காதுக்கு மிஷின் ஒண்ணும் பண்ணல. பேசுறவங்களத்தான் கத்த வைக்குது."

ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். இரண்டு மாதம் லீவு போட்டால் தன் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள் என்று அம்மா தள்ளிப்போட்டாள். காதில் மாட்டும் மிஷின் ஒன்று முகாமில் கிடைத்தது. பிறகு சிறுநீரகம் போயிற்று. காது மிஷின் போன மாதம் டயாலிசிஸ் வார்டில், கழற்றித் தலையணை உறைக்குள் வைத்திருந்தபோது, உறையோடு சலவைக்குப் போய்விட்டது.

டாக்டரம்மாவைப் பார்த்த அன்றைக்கே, கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் அம்மா பிடித்துக்கொண்டாள். இது சில குடும்பங்களில் தாயிடமிருந்து பெண்ணுக்கு வரும். பெண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"ஏற்கெனவே இவ மெதுவாப் பேசுறா," என்றாள் அம்மா, பஸ்ஸில். அதற்குப் பிறகு சோறு போடும்போது, தலை வாரும்போது, டயாலிசிஸ் ஊசி குத்தும்போதுகூட அதையே கேட்டாள். டெஸ்ட் பண்ணிக்கினியா. தான் கொடுத்துவிட்டுப் போகும் ஒரே சொத்து அதுவாகிவிடக் கூடாது என்பதுபோல.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஹேமலதா போனாள். கிராஃபில் வலது காதின் கோடு மேலேயே ஓடியது. இடது காதின் கோடு கீழே இறங்கியிருந்தது. அம்மாவுக்கு வந்ததேதான், ஆனால் ஆரம்பம்தான் என்றார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருந்தது.

நல்லா இருக்குதும்மா என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய்யை மெதுவாகச் சொல்லத்தான் அவளுக்கு வரும். அம்மாவுக்கு எட்ட வேண்டுமானால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். அத்தை பிளக்கைப் பிடுங்கியபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குக் குர்ஷித் வந்தாள். அம்மாவின் பக்கத்து மிஷின். பதினேழு வருடம் அருகருகே உட்கார்ந்து தைத்தவர்கள். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்து, புர்காவின் முனையால் மூக்கைத் துடைத்தாள். ஹேமலதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். ரெண்டு மணிக்கு உள்ள இருக்கணும்," என்றாள் குர்ஷித். "இன்னாமா இது, இப்படி ஒரு அமைதி. எனக்கே பேஜாராக்குது. அக்காகிட்ட யாரும் பேச மாட்டாங்களா?"

"பேசுனாலும் கேக்காது."

"கேக்காதா? நம்ம அக்காவுக்கா?" குர்ஷித்துக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்தது. "எங்க லைன்லயே அவங்களுக்குத்தாம்மா காது. சூப்பர்வைசர் அந்தக் கோடியில நின்னு கத்துவான், எங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. அக்காதான், ஏய் உங்கள இன்னாவோ திட்டுறான்டின்னு சொல்லுவாங்க. அப்புறம் என்னா திட்டுனான்னும் விடாம சொல்லுவாங்க. காது மிஷினு மாட்டிக்கினு வந்தப்ப, ஏதோ ஷோக்குக்கு மாட்டினு வர்றாங்கன்னு கிண்டல் பண்ணோம்."

ஹேமலதா சொன்னாள். அங்கவடி எலும்பு, சத்தம், மிக்ஸி, அத்தை. அம்மா கேட்ட கேள்வி. அதோடு நிறுத்தியிருக்கலாம். பையை எடுத்துவந்து தாளையும் பிரித்துக் காட்டினாள். அந்தக் கோட்டை அவள் காட்டிய முதல் ஆள் குர்ஷித்தான்.

குர்ஷித் கிராஃபைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "இதுல எது?"

"லெஃப்ட்டு. இந்தக் கோடு."

"ஜாஸ்தியா?"

"இப்பக் கம்மிதான்."

"நல்லா இருக்குதுன்னு சொல்லிடேன். அதுல இன்னா போச்சு."

"சத்தமா வர மாட்டேங்குதுக்கா."

 குர்ஷித் தாளை அதே மடிப்பில் மடித்துக் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே அவள் குரலும் அத்தையின் குரலும் மாறி மாறிக் கேட்டன.

"போற உசுரு நிம்மதியாப் போவட்டும்னு பார்த்தா..."

"நூத்துப்பத்து மிஷினு நடுவுல உக்காந்திருந்தவங்கம்மா அவங்க. இந்த அமைதிதான் அவங்களுக்கு ஆவாது."

"நீ எந்த ஊருக்காரி? எனக்கு நியாயம் சொல்ல வந்துட்ட."

"குடியாத்தம்தாம்மா எங்க அம்மா ஊரு. தறிச் சத்தத்துலதான் நான் பொறந்தேன்."

அத்தைக்கும் குடியாத்தம். எந்தத் தெரு என்று கேட்டாள். அதற்கப்புறம் மிக்ஸி வெளியே வந்தது. குர்ஷித் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஜாரோடு ஹேமலதா.

கட்டிலருகே அப்பா ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விட்ட தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்து காதுப் பக்கம் ஓடியது. அவர் துண்டால் அதைத் துடைத்தார். இன்னொரு ஸ்பூன் விட்டார். அதுவும் வழிந்தது.

"முழுங்க மாட்டேன்றா," என்றார் மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

குர்ஷித் மிக்ஸியைத் தரையில் வைத்தாள். அத்தை வந்து பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நேரம் என்ன என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அது ஒன்பது இருபதில் நின்றிருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு வாசலில் ஷாமியானா போட்டு அம்மாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மோளக்காரர்கள் நான்கு பேர். தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தி, அதன்மேல் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மந்தமாக இருந்தால் மறுபடியும் நெருப்பில் காட்டுவார்கள். ஹேமலதா தோல் சோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். தோலின் இறுக்கத்தை அளப்பது அவள் வேலை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் அடி விழுந்தபோது ஷாமியானாவின் கம்பிகள் அதிர்ந்தன. அம்மா படுத்திருந்த பெஞ்சும் அதிர்ந்தது.

பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அழுவது யாருக்கும் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் அசைந்தன. அத்தை எதையோ சொல்ல, எதிரில் இருந்தவள் 'இன்னா' என்று கையைக் காட்டினாள். அத்தை கத்திச் சொன்னாள். அவளும் கத்திப் பதில் சொன்னாள். நேற்று முழுக்க ரகசியம் பேசியவர்கள் எல்லோரும் இப்போது ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஊரே அம்மாவின் கம்பெனி ஹாலாக மாறியிருந்தது.

குர்ஷித் லீவு போட்டுவிட்டு, லைனிலிருந்து இரண்டு பெண்களோடு வந்திருந்தாள். அந்த இருவரும் மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். குர்ஷித் ஹேமலதாவின் இடப்பக்கம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள். ஹேமலதா திரும்பவில்லை. குர்ஷித் மறுபடியும் சொன்னாள். அப்போதும் அவள் அம்மாவின் முகத்தையே பார்த்திருந்தாள்.

தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். முடிச்சு காதுக்குப் பின்னால் விழுந்திருந்தது. ஹேமலதா குனிந்தாள். முடிச்சைச் சற்று மேலே தள்ளினாள். டாக்டரம்மா இசைக்கவையை வைத்து அழுத்திய இடம் தெரிந்தது. தோல் குளிர்ந்திருந்தது. அந்த எலும்பின்மேல் தன் தாடையைப் பதித்துக்கொண்டாள்.

"டெஸ்ட்டுக்குப் போயிருந்தேம்மா," என்றாள்.

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உயர்த்தினாள். பறை இன்னும் வேகமெடுத்தது. அவளும் உயர்த்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"ரூமுக்குள்ள உக்கார வச்சாங்க. ரெண்டு காதுலயும் மாட்டி விட்டாங்க. சத்தம் கேட்டா பட்டன அழுத்தச் சொன்னாங்க. எல்லாம் அழுத்துனேம்மா. ஒண்ணுகூட விடல..."

வாய்க்கரிசி போடுகிறவர்களை அழைப்பதற்காக ஊர்ப் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். நான்கு பறையும் ஒரே அடியில் நின்றன.

"...ரெண்டு காதும் நல்லா இருக்குதும்மா!"

குரல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிற்று. அத்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஈர வேட்டியோடு நின்ற அப்பா நிமிர்ந்தார். அந்தப் பெண் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

ஹேமலதா தாடையை எடுக்கவில்லை. குரலையும் இறக்கவில்லை.

"ஒண்ணும் இல்லியாம். உன்னுது எனக்கு வரலியாம்."

மூத்த மோளக்காரர் குச்சியை உயர்த்தியபடியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையசைத்தார். பறை மீண்டும் விழுந்தது.

குர்ஷித் பிடித்திருந்த கையை விட்டாள். எழுந்து, புர்காவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தலைமாட்டைச் சுற்றி நடந்துபோய், ஹேமலதாவின் வலப்பக்கமாக உட்கார்ந்தாள்.