இழுத்தும் முறுக்கியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை திருட்டு. என் மனைவி சாப்பிடும்போது புலம்பியதை அப்படியே சுட்டேன். அவளுக்குப் பொருட்களை உடைத்துப் பார்க்கும் சோதனைக்கூடத்தில் வேலை. வீட்டில் நான் ஒரு டம்ளரை உடைத்தால் திட்டு, அங்கே அவள் உடைத்தால் சம்பளம்.

முதல் வரி இப்படி இருந்தது: "அந்த எஃகு ஊசியின் கழுத்தில் ஒரு சோகம்..."

(அந்த வரியை அவளே அடித்துவிட்டாள். "சோகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது வெட்டுப்பள்ளம். ஒடிஞ்சா அங்கதான் ஒடியும்.")

2

பூங்காவில் சனிக்கிழமை திறக்கப்போகும் குழந்தைகள் ராட்டினத்தைத் தாங்கும் ஊசி அது, தையல் ஊசி இல்லை, கட்டைவிரல் தடிமன். வளையாத ரகம், சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். ஆள் நிறைந்தால் ஐந்து டன் இழுக்கும். என் மனைவி ஓர் ஊசியை இழுத்துப் பார்த்தாள், ஒன்பது டன் தாங்கியது. இன்னொன்றைத் தனியாக முறுக்கிப் பார்த்தாள், அதுவும் தாங்கியது.

"ரெண்டுலயும் பாஸ். கையெழுத்துப் போடும்மா" என்றார் மேலாளர்.

"சார், ராட்டினம் இழுக்கும்போதே முறுக்கவும் செய்யும். ரெண்டும் சேர்ந்தா நாலு டன்லயே போயிரும்னு என் கணக்கு சொல்லுது."

"கணக்குதானே!"

இரண்டையும் சேர்த்துச் செய்யும் இயந்திரம் அங்கே கிடையாது. ஆனால் எதையும் உடைக்குமுன் எத்தனை டன்னில் உடையும் என்று ஆளாளுக்கு இயந்திரக் கதவில் சாக்பீஸால் எழுதும் வழக்கம் உண்டு. நடக்காத சோதனைக்கு அவள் '4' என்று எழுதினாள். மேலாளர் சட்டைக் கையாலேயே அழித்துவிட்டார். (ஐயோ, வெள்ளைச் சட்டை என்பதால் கறைகூடத் தெரியவில்லை.)

3

முடிவு (அ): அவள் கையெழுத்துப் போடுகிறாள், போடாவிட்டால் போயிருக்கும் வேலை தப்பிக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தது. என் எழுத்து வருமானத்தில் டீத்தூள்கூட வாங்க முடியாது.

அவள் படித்தாள். "ஏங்க, சனிக்கிழமை நம்ம பாப்பாவ அதுல உக்கார வைப்பீங்களா?"

"கதைதானே!" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அதே மேலாளர் குரல். வெட்கமாகப் போய்விட்டது. (அ)வை அடித்துவிட்டேன்.

அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சோதனை அறிக்கை சாப்பாட்டு மேசையில் இருந்தது. அவள் என் பேனாவைப் பிடுங்கி, கையெழுத்துக்கான கட்டத்தில் பெரிதாக '4' என்று எழுதினாள்.

"இத சட்டையால அழிக்கச் சொல்லுங்க பாப்போம்!"

4

நாளைக் காலை பத்து மணிக்கு அது மேலாளரிடம் போகிறது. அவள் வேலை என்னாகும் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. நீங்கள் எழுதுங்கள். ஆனால் அதற்குமுன் ஒன்று சொல்லுங்கள்: சனிக்கிழமை உங்கள் பிள்ளை எங்கே போகிறது?