சிவப்பை நீக்கு

அந்தப் பொத்தானை அழுத்தியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியின் பழைய நோயாளிச் சீட்டுகளை ஸ்கேன் செய்து, படத்தைச் சுத்தம் பண்ணி, கையெழுத்தைக் கம்ப்யூட்டர் தானாகப் படிக்கும்படி செய்வது எங்கள் அறையின் வேலை. சாய்ந்த பக்கத்தை நிமிர்த்துவோம், மடிப்பின் நிழலை வெளுப்போம், தூசிப் புள்ளிகளைத் துடைப்போம். இவ்வளவு செய்தும் கம்ப்யூட்டர் நூறு எழுத்துக்கு இருபதைத் தப்பாகப் படித்தது. சீட்டில் அச்சடித்திருந்த சிவப்புக் கட்டங்கள்தான் காரணம். கோடு எது, எழுத்து எது என்று அதற்குப் பிடிபடவில்லை. ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, 'சிவப்பை நீக்கு' என்ற பொத்தானை அழுத்தி, படத்திலிருந்து அந்த நிறத்தையே மொத்தமாக நீக்கினேன். கட்டங்கள் போய்விட்டன, நீல மை மட்டும் பளிச்சென்று நின்றது. தப்பு இருபதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைத் தூக்கி வைத்துப் பேசினார். ஒரு மாதம் என் கால் தரையில் பாவவில்லை.

என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அதே ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை ஆபரேஷன். மூன்று மணி டீ இடைவேளையில் அவளைப் பார்க்க வார்டுக்குப் போனேன். டாக்டர் திரையைப் பார்த்து, ஒவ்வாமை இல்லை என்று படித்துவிட்டுப் போனாராம்.

"பெரியவன் பொறந்தப்ப ஏதோ ஊசி போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சே நின்னு போச்சே," என்றாள் அக்கா. "என்ன ஊசின்னுதான் தெரியல. கம்ப்யூட்டரே இல்லைன்னு சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா என்று அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். ஆபரேஷனுக்குப் போகிறவளைத் திட்டுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. வார்டு நர்ஸிடம் ஓடினேன். எந்த மருந்து என்று தெரிந்தால்தானே தவிர்க்க முடியும் என்றார் அவர். பிரசவமும் இங்கேதான் என்றேன். அவர் யோசித்தார்.

"அப்போ பழைய சீட்டுல இருக்கணுமே. அதைச் சிவப்பு மையிலதாம்மா எழுதுவோம். சட்டுனு கண்ணுல படணும்னு."

சிவப்பு என்றதும் நான் அங்கே நிற்கவில்லை.

அறைக்குத் திரும்பி அக்காவின் சீட்டைத் திரையில் திறந்தேன். பெயர், வயது, எடை எல்லாம் அச்சடித்தது போலத் தெளிவு. ஒவ்வாமைக்கான இடம் மட்டும் வெள்ளை வெளேர். இடம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் தானாக 'இல்லை' என்று நிரப்பிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டுக்கும் நான்தான் தலையாட்டியிருந்தேன். வேறு சீட்டுகளைத் திறந்தேன். ஐம்பது பார்த்தேன், ஐம்பதிலும் 'இல்லை'. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா இருக்காது? நாலு மாதமாக இதை ஏன் யோசிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சிவப்பை நீக்குவதற்கு முன் எடுத்த கலர் படங்களை, இடம் அடைக்கிறதென்று அவ்வப்போது அழித்துவிட்டோம். மிச்சம் காகிதச் சீட்டுகள் மட்டும்தான். அவற்றை அரைத்துக் கூழாக்கக் கொண்டுபோகும் லாரி அன்றைக்கு நாலு மணிக்குக் கிளம்புகிறது. மணி மூன்றரை.

என்னோடு வேலை பார்க்கும் கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். அவள் போட்டிருக்கும் தடித்த மூக்குக்கண்ணாடிக்காக நாங்கள் வைத்த பெயர் அது; பாவம், அதைக் கழற்றினால் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. சீட்டுக்கட்டுகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். நான் லாரியில் ஏறி, மேலே இருந்த கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அது ஒன்றும் அழகான காட்சி இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முகம் வெளிறியது. டிரைவருக்குக் கேட்காமல் கிட்டே வந்து பேசினார்.

"உங்க அக்கா சீட்டை எடுத்துக்கிட்டு இறங்குங்கம்மா. மிச்சத்தைக் கிளற வேணாம். உங்க பேருதான் முதல்ல கெடும்."

பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடம் மனசு ஆடியது. நானும் கண்ணாடியும் பெரியவன் பிறந்த வருடத்தையும் மாதத்தையும் வைத்துக் கட்டுகளைப் புரட்டினோம். ஐந்தாவது கட்டில் கிடைத்தது அக்காவின் சீட்டு. சிவப்பு மையில் மருந்தின் பெயர், அடியில் மூன்று கோடு. கண்ணாடி படித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் போடுகிற அதே ஊசி. அக்கா செத்துப் போயிருப்பாள், என் கையால். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அந்தக் கட்டிலேயே அடுத்த சீட்டிலும் சிவப்பு மை இருந்தது. யாரோ ஒரு பெண்மணி, என் வயதுதான்.

சீட்டைக் கண்ணாடியிடம் கொடுத்து, டாக்டர் கையிலேயே சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். நானே கொண்டு போயிருப்பேன். ஆனால் நான் எழுந்தால் லாரி நகர்ந்துவிடும்.

"இதைக் கெடுத்தது நான் சார்," என்றேன். "எல்லாக் கட்டையும் இறக்குங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டார். நாலரை மணிக்கு முதல் கட்டு இறங்கியது. திரையில் ஒவ்வாமை 'இல்லை' என்று காட்டினால் அதை நம்பக் கூடாது என்று அன்றைக்கே எல்லா வார்டுக்கும் தகவல் போனது.

மறுநாள் காலை ஊசியை மாற்றித்தான் அக்காவுக்கு ஆபரேஷன் செய்தார்கள். நான் கீழே மறுபடி கலரில் ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டித் தனியாக வைத்து, கம்ப்யூட்டரை நம்பாமல் கண்ணால் படித்தோம். மதியத்துக்குள் முப்பத்தெட்டுச் சீட்டில் சிவப்பு மை. நான் கெடுத்ததில் இன்னும் நாற்பதாயிரம் சீட்டு பாக்கி இருந்தது.

மாலையில் அக்கா போனில் வந்தாள். குரல் கம்மியிருந்தது. கண் விழித்ததும் என்னைத்தான் தேடினாளாம். கோபித்துக்கொள்ளாதே, இந்தக் கட்டைப் பாதியில் விட முடியாது என்றேன்.

"முடிச்சுட்டே வாடி," என்றாள். "நான்தான் இருக்கேனே."